மொட்டைமாடியில் அகப்பட்ட கால் நாள்

லோதி ரோட்டில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ் முதல் மாடியில் இருந்தது. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் மொட்டைமாடிக்குப் படி ஏற வேண்டும். நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. ஆபீஸ் நடக்கும் தூரம்தான். நேர் கீழ் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவர் ஒரு மந்திரி அலுவலகத்தில் அசிஸ்டென்ட். மனைவி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவுடன் கல்யாணமாகி டில்லி வந்தவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நேரில் இருவரும் ‘நீங்க’ போட்டுத்தான் பேசிக்கொள்வோம். ஆனால் நினைவில் அவள் எனக்கு எப்போதும் ‘அவள்’தான், அப்படியே எழுதுகிறேன்.

எழுபத்தாறு கடைசியில், டில்லிக் குளிர் ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மாடி வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது அவள் தன் மகளின் பள்ளிப் புத்தகத்தோடு மேலே வந்தாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகம். ஒரு பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தாள்.

“ஏக்கா, வருசத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சே கால் நாளுன்னு போட்டிருக்கு. நாளுன்னா விடியுததுலேருந்து மறுபடி விடியுதது வரைக்கும். முழுசு முழுசாத்தான வரும்? இந்தக் கால் நாளு எங்கேருந்து வந்துச்சு? யாரு பாத்தா?”

பூமி சூரியனைச் சுற்றுகிறது, அதற்கு அவ்வளவு காலம் ஆகிறது என்று பள்ளியில் படித்ததைச் சொன்னேன். அதைத்தான் புத்தகத்திலும் போட்டிருக்கிறது என்றாள். சுற்றுகிறது சரி, சுற்றி முடித்துவிட்டது என்று எப்படித் தெரியும், வானத்தில் கோடு போட்டா வைத்திருக்கிறது என்று கேட்டாள். அந்தப் பாடத்தை நானும் படித்துத் தேறியவள். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அவள் ஒரு டால்டா டின்னில் மணல் நிரப்பி, அதில் திரைச்சீலைக் கம்பி ஒன்றை நட்டு, மாடியில் வைத்தாள். மதியத்தில் நிழல் எவ்வளவு நீளம் என்று தினமும் மகளின் ஸ்கேலால் அளந்தாள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் நீண்டிருக்கும்; கோடையில் நிழல் சுருங்கும். ஒரு நீளத்திலிருந்து கிளம்பி, சுருங்கி, நீண்டு, மறுபடி அதே நீளத்துக்கு அதே போக்கில் வந்தால் அதுதானே வருஷம் என்பது அவள் யோசனை. அவளாகவே யோசித்தது. வானத்தில் கோடு இல்லாவிட்டால் என்ன, தரையில் போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

ஆனால் நிழலின் நுனி ஒத்துழைக்கவில்லை. எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாமல் புகை மாதிரி கலைந்திருந்தது. நான் ஓர் அளவு சொன்னால் அவள் ஓர் அளவு சொன்னாள். மாடியில் ஸ்வெட்டர் பின்ன வரும் பஞ்சாபி அம்மாள், பக்கத்து பிளாக்காரர், டின்னையும் கம்பியையும் நாலு நாள் பார்த்துவிட்டு, மதராஸி பெண் ஏதோ டோனா டோட்கா செய்கிறாள், யாருக்கோ செய்வினை வைக்கிறாள் என்று சொல்லிவிட்டார். இவளுக்கு அப்போது இந்தி சரியாக வராது. ஆனாலும் நேரே அவரிடம் போய் நின்று, “சூரஜ் கா ஹிசாப், பெஹன்ஜி” என்றாள். சூரியனின் கணக்கு. அந்த அம்மாள் எழுந்து தன் கட்டிலை நிழல் விழும் இடத்திலிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மாடிக்கு வரும் குழந்தைகளை அந்தப் பக்கம் அண்டவிடாமல் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு நாள் இருவரும் பஸ் பிடித்து, பழைய காலத்து வான ஆராய்ச்சிக் கூடமான ஜந்தர் மந்தர் போனோம். எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். சிவப்பாக ஏதோ பெரிய படிக்கட்டு என்பதற்கு மேல் பார்த்ததில்லை. வானத்துக்கு ஏறிப் பாதியில் நின்றுவிட்ட அந்தப் படிக்கட்டுச் சுவரின் நிழல், பக்கத்திலிருந்த வளைந்த மேடையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து அந்த நிழலின் ஓரத்தில் விரலை வைத்தாள். வைத்த விரலைத் தாண்டி நிழல் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மேடையில் செதுக்கியிருந்த கோடுகள் பல இடங்களில் தேய்ந்திருந்தன. திரும்பும் வழியில் பஸ்ஸில், நம் கம்பி ரொம்பக் குட்டை, அதனால்தான் ஒரு நாளைக்கு எவ்வளவு மாறுகிறது என்று பிடிபடவில்லை, ஆள் உயரத்துக்கு மேல் வேண்டும் என்றாள்.

நிழல் கலைவதற்கு வழி கிடைத்தது எங்கள் பிளாக்கின் வேப்ப மரத்தடியில். இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழும் வெளிச்சப் பொட்டு மட்டும் வட்டமாகவே இருந்ததைக் காய்கறி வண்டிக்காகக் காத்து நின்றபோது கவனித்தாளாம். நிழலைப் பிடிக்க முடியாவிட்டால் வெளிச்சத்தைப் பிடிக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. அவள் கணவர் இதையெல்லாம் கேலி செய்துகொண்டிருந்தவர்தான். ஆனால் கேட்டவுடன் ஆறரை அடி உயரத்துக்கு ஒரு பழைய தண்ணீர்க் குழாயைத் தேடிக் கொண்டுவந்து, மாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவரில் இரும்புப் பட்டை வைத்து முடுக்கிக் கொடுத்தார். குழாயின் தலையில் பிஸ்கட் டின் மூடி ஒன்றைப் படுக்கை வாட்டில் பொருத்தி, அதன் நடுவில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டாள். மூடியின் நிழலுக்கு நடுவே, எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வெளிச்ச வட்டம் தரையில் விழுந்தது. ஓரம் தெளிவாக இருந்தது. பென்சிலால் சுற்றி வரைய முடிந்தது.

அடுத்தது, சரியான மதியம் எது என்பது. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வருவதில்லை. அவள் ஓட்டையிலிருந்து நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு அதன் நேர் கீழே ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியை மையமாக வைத்துக் கயிறும் சாக்கட்டியுமாக அரை வட்டம் போட்டாள். காலையில் வெளிச்சப் பொட்டு அந்த வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு குறி. மாலையில் மறுபடி தொடும் இடத்தில் ஒரு குறி. இரண்டுக்கும் நடுவை மையத்தோடு சேர்த்தால் அது சுத்தமான தெற்கு வடக்கு. பொட்டு அந்தக் கோட்டைக் கடக்கும் கணம்தான் உச்சி. இந்த வித்தை அவள் ஊரில் கோயில் கட்ட வந்தவர்கள் செய்து அவள் பார்த்தது.

எழுபத்தேழு மார்ச் இருபத்தொன்றாம் தேதி முதல் குறி வைத்தோம். தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்த நாள். ஆபீஸில் யாரும் வேலை செய்யவில்லை; நான் வீட்டுக்கு வந்தது யார் கண்ணிலும் படவில்லை. கீழே ஒவ்வொரு வீட்டு ரேடியோவும் அலறிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். நாங்கள் இருவரும் மாடியில் முழங்காலிட்டிருந்தோம். பன்னிரண்டு இருபத்தெட்டுக்குப் பொட்டு கோட்டின் மேல் வந்தது. அவள் கூரான ஆணியால் பொட்டின் நடுவில் ஒரு கீறல் போட்டாள். அந்த மாதத்தில் சூரியன் வேகமாக வடக்கே ஏறுவதால் பொட்டு தினமும் குழாயை நோக்கி ஏறக்குறைய ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் வருகிறது என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள். அதனால்தான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தாள். ஜூனிலும் டிசம்பரிலும் பொட்டு நாள் கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும், ஒன்றும் தெரியாது என்றாள்.

அதன் பிறகு அவளுக்கும் எனக்கும் ஒரு சின்னச் சண்டை வந்தது, என் கடிகாரத்தால். தினமும் ரேடியோ ‘பீப்’புக்குச் சரிசெய்த கடிகாரம். அதில் பார்த்தால் உச்சி வேளை ஏப்ரலில் பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு வந்தது, மே நடுவில் பன்னிரண்டு பதினேழுக்கு. கடிகாரம் கெட்டுவிட்டது என்றாள் அவள். எனக்கு ரோஷம். கடைக்கு எடுத்துப் போனேன். கடிகாரக்காரர் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு குறையும் இல்லை, உங்கள் சூரியனைக் கொண்டுபோய் ரிப்பேர் செய்யுங்கள் என்றார். அதை அவளிடம் அப்படியே சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அதையும் பார்த்துவிட வேண்டியதுதான் என்றாள்.

மே மாதத்தில் எல்லோரும் சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளித்துக் கட்டில் போட்டுவிடுவோம். கடிகாரத்தைச் சோதிக்க அவள் கைப்பிடிச் சுவரில் ஒரு தகரத் துண்டைப் பதித்து அதன் ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டியின் ஓரம் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம். அது தொட்டிக்குப் பின்னால் போகும்போது, அணைத்த விளக்கு மாதிரி சட்டென்று காணாமல் போனது. முதல் நாள் ஒன்பது பத்துக்கு. மறுநாள் ஒன்பது ஆறுக்கு. அதற்கு மறுநாள் ஒன்பது இரண்டு. பதினைந்தாவது நாள் எட்டு பதினைந்துக்கே மறைந்துவிட்டது. நாளுக்கு நாலு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு, ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

“கடியாரத்து மேல தப்பில்லக்கா. நட்சத்திரம் சொன்ன சொல்லு மாறாம வருது. சூரியன்தான் ஒரு நாளு முந்துது, ஒரு நாளு பிந்துது. நம்ம மணியெல்லாம் அதோட சராசரி போல” என்றாள்.

அந்த நாலு நிமிஷங்களை வருஷம் முழுக்கக் கூட்டினால் ஒரு முழு நாள் வருகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டும் காட்டினாள். நட்சத்திரங்களை வைத்து எண்ணினால் வருஷத்துக்கு ஒரு நாள் கூடுதல். நான் அப்போது என் ஆபீஸ் லைப்ரரியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வானியல் புத்தகம் எடுத்து வந்தேன். அதில் இதெல்லாம் இருந்தது. தொட்டி ஓரத்துக்குப் பதிலாக வானியலாளர்கள் தொலைநோக்கியில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கம்பி கட்டி, நட்சத்திரம் அதைக் கடக்கும் கணத்தைக் குறிக்கிறார்கள். வாசித்து அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கு ஒரு விதமான பிரமிப்பு ஏற்பட்டது. புத்தகத்தை எழுதியவர்கள் மேல் அல்ல. கீழே அடுப்பில் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து, புடவை முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் இவள் மேல்.

எழுபத்தெட்டு மார்ச்சில், முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள், பெர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன். பொட்டு கோட்டின் மேல் வந்தது. ஆனால் பழைய கீறலுக்கு வரவில்லை. நாலரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றது. ஒரு நாள் நகர்வில் கிட்டத்தட்டக் கால் பங்கு. அவள் ஸ்கேலை வைத்து மூன்று தரம் அளந்தாள். பிறகு அப்படியே சுடுகிற தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதுதாங்க்கா கால் நாளு. கண்ணால பாத்தாச்சு.”

நானும் பார்த்தேன். அரிசி மணியைவிடச் சின்ன இடைவெளி. பூமி இன்னும் சுற்றி முடிக்கவில்லை, இன்னும் ஆறு மணி நேரம் போக வேண்டும் என்பது அந்த இடைவெளியில் இருந்தது. 

அடுத்த மார்ச்சில் அந்த நாள் பார்த்து மேகம். முந்தின நாளும் பிந்தின நாளும் அளந்து வைத்திருந்ததால் நடுவில் எங்கே விழுந்திருக்கும் என்று கணக்கிட்டாள்: ஒன்பது மில்லிமீட்டர். அரை நாள். நாலு வருஷம் முடிந்தால் முழு நாளாகிவிடும், ஒரு நாள் கூட்டி எண்ணினால் பொட்டு பழைய கீறலுக்கே வந்து சேர வேண்டும். அதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று இருந்தாள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும், மொட்டைமாடி ஒழுகுகிறது என்று தரையைக் கொத்திப் போட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆபீஸிலிருந்து திரும்பி வந்தபோது பாதி மாடி கொத்தப்பட்டிருந்தது. அவள் குழாயைக் கட்டிக்கொள்ளாத குறையாக நின்றிருந்தாள். மேஸ்திரியோ இந்திக்காரர், அரசாங்க வேலையில் கோடு, புள்ளி என்றெல்லாம் விட முடியாது என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். கொத்திக்கொண்டிருந்தவர்கள் ஆறேழு பேர். அவர்களில் ஒருவர், தலையில் துண்டு கட்டிய கொத்தனார், நாங்கள் இருவரும் தமிழில் பேசியதைக் கேட்டு நிமிர்ந்தார். தர்மபுரிப் பக்கம். ஆற்றங்கரைக் குடிசைகளில் குடும்பத்தோடு இருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். அவள் கீறலைக் காட்டி ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நேரமாகிறதே என்று நான் தவித்தேன். அவரோ குந்தி உட்கார்ந்து, ஒரு கேள்வி கேட்டார்: இந்தத் தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

அவள் முகம் மாறிவிட்டது. பார்க்கவில்லை. அவர் தன் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். தண்ணீர் ஓடுவதற்காகத் தரை கொஞ்சம் வடக்கே சரிந்திருந்தது.

“சரிவு இருக்குதுங்கம்மா. ஆனா அன்னைக்கு இருந்த சரிவுதான் இன்னைக்கும். தரை மாறலன்னா உங்க கணக்கு மாறாது. ஒடைச்சாத்தான் போச்சு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் வுட்டுட்டு, சுத்திப் போட்டுக்கறேன்” என்றார்.

மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். அந்த இடத்தில் ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டால் போகிறது என்றார். சொன்னபடியே செய்தார். புதுத் தரைக்கு நடுவே, குழாயடியிலிருந்து வடக்கே ஒரு பழைய கறுத்த பட்டை அப்படியே நின்றது. கடைசி நாள் போகும்போது குழாய் அசைந்திருக்கிறதா என்று தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து, ஓட்டைக்கு நேர் கீழே அந்தப் பழைய புள்ளி இருப்பதைக் காட்டிவிட்டுப் போனார். அவள் வீட்டில் அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் சாப்பாடு போட்டாள். அடுத்த மார்ச்சில் வந்து பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டாள். வேலை எங்கே இழுக்கிறதோ, தெரியாது என்றார். பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

எண்பதில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். அதனால் ஆயிரத்துத் தொண்ணூற்று ஐந்தாவது நாள் மார்ச் இருபதிலேயே வந்துவிட்டது. பதின்மூன்று மில்லிமீட்டர்; முக்கால் நாள். எண்பத்தொன்று மார்ச் இருபத்தொன்று, ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்றாவது நாள். அன்று மாடியில் கூட்டம். அவள் கணவர், மகள், பஞ்சாபி அம்மாள், அவர் கூட்டி வந்த இரண்டு பேர். பொட்டு கோட்டை நெருங்கியபோது எல்லோரும் குனிந்தார்கள். அது வந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் ஆணியால் போட்ட கீறலை நடுவில் வைத்துக்கொண்டு நின்றது. ஒரு நிமிஷம்தான். பிறகு நகர்ந்துவிட்டது. பஞ்சாபி அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டார். நாலு வருஷத்துக்கு ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்று, ஆக ஒரு வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்தே கால் என்று மகள் உரக்கச் சொன்னாள்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவள் மட்டும் ஸ்கேலை வைத்து இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இல்லையா என்று கேட்டேன். லைப்ரரிப் புத்தகத்தில் அந்தக் கால் நாள் ஆறு மணி நேரத்துக்குப் பதினொரு நிமிஷம் குறைவு என்று நான் படித்துச் சொன்னது அவள் மனதில் இருந்திருக்கிறது. அந்தப் பதினொரு நிமிஷம் நாலு வருஷத்தில் அரை மில்லிமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாது என்றாள்.

“நாப்பது வருசம் களிச்சு இதே கீறல யாராவது பாத்தா, அஞ்சு மில்லிமீட்டர் தள்ளி நிக்கும்க்கா. அப்ப தெரியும். அந்தக் காலத்துல கண்டுபிடிச்சவங்க, முன்னால இருந்தவன் எளுதி வச்சத நம்பித்தான கண்டுபிடிச்சிருப்பாங்க. அவன் ஒரு அளவு தப்பா எளுதியிருந்தா எல்லாம் போச்சு. எப்பிடி நம்புனாங்களோ.”

தொலைநோக்கியும் கம்பியும் இல்லாமல் அந்தப் பதினொரு நிமிஷத்தை நெருங்கியவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் இருந்தன. நான் அவற்றை வேகமாகப் புரட்டியிருந்தேன். அன்று சாயங்காலம் திரும்ப எடுத்து மெதுவாகப் படித்தேன்.

அந்த வருஷமே அவள் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்டும்போது அளவு நோட்டை என்னிடம் கொடுக்க வந்தாள். நான் முழுவதையும் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அவளிடமே கொடுத்தேன். வேலையில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் டைப் அடித்தவள் நான். அந்த நோட்டைப் பிரதி எடுத்தபோது இருந்த பயம் வேறு எதற்கும் இருந்ததில்லை. ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை ஒப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு மார்ச்கள் தனியாக அளந்து அவளுக்குக் கார்டில் எழுதினேன். ஒவ்வொரு முறையும் பதில் வரும்: எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம், நூலில் கல் விட்டுப் பார்த்தீர்களா. ஒரு முறை நான் கல் விட மறந்ததை ஒப்புக்கொண்டு எழுதியபோது, அந்த வருஷத்து அளவை நோட்டில் சேர்க்கவில்லை என்று பதில் போட்டாள். கோபமாக அல்ல, தகவலாக.

எண்பத்தைந்து கோடையில் எனக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் மோதி பாகில் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு இமயமலைப் பக்கத்துக் கடுவாலிக் குடும்பம் ஒன்று வந்தது. சாவி கொடுத்த அன்று அந்த வீட்டு அம்மாளை மாடிக்கு அழைத்துப் போய், குழாயையும் கறுத்த பட்டையையும் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாம் சொன்னேன். துணிக்கொடி கட்ட வசதியான குழாய் என்றார் அவர் முதலில். பிறகு குனிந்து கீறலைத் தேடினார். விரலால் தடவிப் பார்த்தார். எந்தத் தேதி என்று கேட்டார். சொன்னேன். எத்தனை மணிக்கு? பன்னிரண்டு இருபத்தெட்டு. அவர் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கையிலிருந்த கொடிக் கயிற்றைச் சுருட்டி எடுத்துப் போய் எதிர்ப்பக்கச் சுவரில் கட்டினார்.